கைவிடப்பட்ட நாயைக் கைகொடுக்கும் நாயாக்குவது எப்படி?

கீழே விழுந்த சாவிக்கொத்தை என்னால் குனிந்து எடுக்க முடியாது. முடக்குவாதம் வந்து 11 வருடம் ஆகிறது. காலையில் விரல்கள் மடங்காது, இடுப்பு வளையாது. சாவி தரையில் விழும் சத்தம் கேட்டால் அடுத்த அறையில் படுத்திருக்கும் செம்பி எழுந்து வருவாள். உலோகம் பல்லில் படுவது அவளுக்குப் பிடிக்காது என்பதால் கொத்தில் ஒரு துணிப்பட்டை கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பட்டையைக் கவ்வித் தூக்கி, என் உள்ளங்கையில் வைத்து, நான் விரல்களை மெதுவாக மூடி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நிற்பாள். அந்தக் காத்திருப்பைச் சொல்லிக்கொடுக்க மட்டும் ஏழு வாரம் ஆனது.

செம்பி காப்பகத்திலிருந்து வந்தவள். ஒரு காதின் நுனி கிழிந்து, விலா எலும்பு தெரிய, கூண்டுகளின் கடைசி வரிசையில் இருந்தாள். வயது ஒன்றரை இருக்கலாம் என்றார்கள். இன்று அவளைப் பார்ப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "எங்களாலும் இப்படி ஒரு நாயைப் பழக்க முடியுமா?" முடியும். ஆனால் எல்லா நாயாலும் முடியாது, எல்லார் வீட்டிலும் முடியாது, ஒன்றரை இரண்டு வருடம் ஒதுக்காமல் முடியவே முடியாது. நாயைப் பழக்கி முன்அனுபவம் இல்லாதவர்களுக்காக, நான் போன வழியை வரிசையாகச் சொல்கிறேன். தவறிய இடங்களையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சேவை நாய்க்குப் பயமே வரக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பயப்படாத நாய் கிடையாது. பயந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் படியைப் பேசினாலும் நான் அங்கேதான் வந்து நிற்பேன்.

முதல் படி: நாயைத் தேடும் முன் ஒரு நோட்டு

இரண்டு வாரம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எங்கெல்லாம் தடைபட்டு நிற்கிறீர்கள், எப்போதெல்லாம் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். "நடக்கச் சிரமம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயன் இல்லை. "குளியலறைக் கதவை இழுத்துத் திறக்க முடியவில்லை", "அழைப்பு மணி கேட்கவில்லை", "கூட்டத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன்" என்று எழுதுங்கள். என் நோட்டில் இரண்டு வாரத்தில் 41 முறை "கீழே விழுந்ததை எடுக்க முடியவில்லை" என்று இருந்தது. என் நாய்க்கு என்ன வேலை என்பதை அந்த எண்தான் முடிவு செய்தது.

சேவை நாய் என்றால், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலைகளைச் செய்யத் தனியாகப் பழக்கப்பட்ட நாய். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போய் மற்றவர்களுக்கு ஆறுதல் தரும் நாய் வேறு. அதைச் சிகிச்சை நாய் என்பார்கள். பக்கத்தில் இருப்பதாலேயே மனதுக்குத் தெம்பு தரும் நாய் இன்னொரு வகை. மூன்றுக்கும் மதிப்பு உண்டு, சட்டம் மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. உதாரணமாக, அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி உடன் இருந்து ஆறுதல் தருவது மட்டும் வேலையாகக் கணக்கில் வராது. அதே சட்டம் உரிமையாளரே தன் நாயைப் பழக்கிக்கொள்வதை அனுமதிக்கிறது, சான்றிதழும் கேட்பதில்லை. நாய் என்ன உதவிக்காக இருக்கிறது என்று வெளிப்படையாகத் தெரியாதபோது கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலை பழகியிருக்கிறது. வேறு சில நாடுகளில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு பழக்கிய நாய்க்கு மட்டுமே பொது இடங்களில் அனுமதி. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாயைப் பார்க்கப் போகும் முன்பே படித்துவிடுங்கள். வீட்டுக்குள் உதவ மட்டும் போதும் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

சில வேலைகளை வீட்டில் பழக்க முயல வேண்டாம். பார்வையற்றவரை வழிநடத்துவது அதில் முதலாவது. "போ" என்று எஜமானர் சொன்னாலும் எதிரே வண்டி வந்தால் போகாமல் நிற்கும் அளவுக்கு அந்த நாய் சொந்தமாக முடிவெடுக்க வேண்டும். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கிய காலத்திலிருந்தே அது பயிற்சிப் பள்ளிகளின் வேலையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதேபோல் உங்கள் முழு எடையையும் நாயின் முதுகில் சாய்க்கும் வேலையும் வேண்டாம். அதன் முதுகெலும்பு அதற்காகப் படைக்கப்பட்டதல்ல.

இன்னொரு கேள்வியையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு படுத்தி எடுக்கும் நாளில் நாயை வெளியே கூட்டிப்போவது யார்? ஒரு பெயராவது நோட்டில் எழுத முடிந்தால்தான் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். பழக்கத்தில் செய்யும் தப்பைத் திருத்திவிடலாம், தேர்வில் செய்யும் தப்பைத் திருத்துவது மிகக் கடினம்.

காப்பகத்துக்குப் போனால் மனசு இளகிவிடும். அதிகம் நடுங்கும் நாயைத்தான் கை தேடும். அந்த நாய்க்கு அன்பான வீடு வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் தினம் வேலை செய்யச் சொல்வது அதற்குச் செய்யும் கொடுமை. நான் முதலில் ஆசைப்பட்டது செம்பியை அல்ல. அவளுக்கு இரண்டு கூண்டு தள்ளி, சாம்பல் நிறத்தில், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஒரு ஆண் நாய் இருந்தது. நான் நின்றிருந்தபோது யாரோ ஒரு இரும்பு வாளியைக் கீழே போட்டுவிட்டார்கள். எல்லா நாயும் துள்ளின. சாம்பல் நாய் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கால் மணி நேரம் கழித்தும் அங்கேயே இருந்தது, கொடுத்த தின்பண்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செம்பியும் பயந்தாள், வாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாள். பத்து எண்ணுவதற்குள் கழுத்தை நீட்டி வாளி இருந்த பக்கம் முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகர்ந்துவிட்டு ஆளைப் பார்த்த அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவளை எடுத்தேன்.

ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மூன்று முறை, வேறு வேறு நேரங்களில் போங்கள். அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் கூட வந்தால் மிகவும் நல்லது. நமக்கு அழகாகத் தெரிவது அவருக்கு எச்சரிக்கையாகத் தெரியலாம். கூண்டுக்குள் இருக்கும்போது நாயின் உண்மைக் குணம் தெரியாது, அமைதியான இடத்துக்கு வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் உட்காருங்கள். தானாக வந்து முகர்கிறதா, ஓரமாகப் போய்விடுகிறதா? சில அடி தள்ளிச் சாவிக்கொத்தைப் போடுங்கள், நாய் மேலே அல்ல. குடையை மெதுவாக விரியுங்கள். பாதம், காது, வாலின் அடி ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பந்தை உருட்டிவிட்டு, எடுத்து வருகிறதா, எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறதா, கண்டுகொள்ளவே இல்லையா என்று பாருங்கள். பொருளை எடுத்துத் தரும் வேலைக்கு இயல்பாகவே வாயில் கவ்வும் நாய் பாதி வேலையை முடித்துக்கொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். உணவுக் கிண்ணத்தருகே ஆள் வந்தால் எப்படி நடந்துகொள்கிறது, மற்ற நாய்களைக் கண்டால் என்ன செய்கிறது என்பதைக் காப்பகத்தாரிடம் கேளுங்கள். அவர்கள் தினம் பார்க்கிறார்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

ஆளைக் கடித்த வரலாறு உள்ள நாய், அந்நியரைக் கண்டால் உறுமிப் பாயும் நாய், பூனையோ சைக்கிளோ போனால் காது கேட்காமல் துரத்தும் நாய், இந்த மூன்றும் இந்த வேலைக்கு வேண்டாம்.

வயதைப் பொறுத்தவரை ஒன்று முதல் மூன்று வயதுக்குள் எடுங்கள். குட்டியை எடுத்தால் நாம் நினைத்தபடி வளர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரைதான் நாய் உலகத்தை எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம். காப்பகத்துக்கு வரும் பல குட்டிகளுக்கு அந்தப் பருவம் எப்படிக் கழிந்தது என்றே யாருக்கும் தெரியாது. வளர்ந்த நாயின் குணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எலும்பும் வளர்ந்திருக்கும், எக்ஸ்ரே எடுத்து இடுப்பைப் பார்க்கலாம். இனத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உருவத்தை மட்டும் வேலையோடு பொருத்துங்கள். சத்தம் கேட்டு வந்து சொல்ல சின்ன நாயே போதும். காது கேளாதோருக்கான நாய்களைப் பழக்கிய பல அமைப்புகள் காப்பகங்களிலிருந்துதான் அவற்றை எடுத்தன. கதவை இழுக்கவும் மேசை மேல் இருப்பதை எடுக்கவும் நடுத்தர உயரமாவது வேண்டும்.

மூன்றாம் படி: கால்நடை மருத்துவர்

வீட்டுக்கு வந்த முதல் வாரத்துக்குள் போங்கள். வெறிநாய்க்கடி உட்பட தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப்புழுவுக்கும் ரத்தப் பரிசோதனை, கருத்தடை அறுவை சிகிச்சைக்குத் தேதி. இவை எல்லா நாய்க்கும் பொது. சேவை நாய்க்குக் கூடுதலாக இடுப்பு, முழங்கை மூட்டுகளின் எக்ஸ்ரேயும், கண், காது, பல் சோதனையும் வேண்டும். பொருள் கவ்வும் நாய்க்குச் சொத்தைப் பல் இருந்தால் எப்படிக் கவ்வும்? வலியோடு இருக்கும் நாய் சொன்னதைக் கேட்காது. அதை நாம் அடம் என்று நினைத்துவிடுவோம். இழுக்கும் வேலைகளையும் உடல் பலம் கொடுக்கும் வேலைகளையும் மருத்துவர் மூட்டுகளைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

நான்காம் படி: மூன்று மாதம் வேலையே வேண்டாம்

நாய் வளர்ப்பவர்களிடையே மூன்று மூன்று மூன்று என்று ஒரு கணக்கு உண்டு. புது வீட்டில் திகைப்பு அடங்க மூன்று நாள், தினசரி ஒழுங்கு புரிய மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். நாய்க்கு நாய் இது மாறும், ஆனால் கைகாட்டி மரம் போல உதவும்.

நான் அவசரப்பட்டேன். நான்காம் நாளே உறவினர்கள் ஆறு பேரை வரச் சொல்லி, "இதோ என் சேவை நாய்" என்று காட்டினேன். எல்லாரும் குனிந்து குனிந்து தலையைத் தடவினார்கள். செம்பி உதட்டை நக்கினாள், கொட்டாவி விட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாள். "தூக்கம் வருது போல" என்றோம். தூக்கம் இல்லை. "போதும், விலகுங்கள்" என்று அவள் நான்கு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. கடைசியில் உறுமிவிட்டாள். அதன் பிறகு விருந்தினர் என்றாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள். அதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

அதனால் சொல்கிறேன், அந்த அடையாளங்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள். உதடு நக்குவது, சோர்வில்லாமலே கொட்டாவி, முகம் திருப்புவது, வால் தாழ்வது, உடல் விறைப்பது, நனையாமலே உடம்பை உதறுவது. உறுமலுக்கு ஒருபோதும் தண்டிக்காதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்ற நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

இந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலையில் அதற்கென்று ஒரு படுக்கை. உணவுக்கும் வெளியே போவதற்கும் மாறாத நேரம். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கியும் ஓய்வெடுத்தும் கழிக்கும், அதைக் கெடுக்காதீர்கள். தினசரி உணவில் ஒரு பங்கைக் கையாலேயே கொடுங்கள். உங்களுக்குக் கைத்தடியோ சக்கர நாற்காலியோ இருந்தால் அதை அசையாமல் வைத்து அதன் பக்கத்தில் உணவு வையுங்கள். பிறகு ஓர் அங்குலம் நகர்த்துங்கள். முன்பு யாராவது தடியால் அடித்திருந்தால் கைத்தடியைப் பார்த்தே நாய் ஒடுங்கிப்போகும். அந்த நாய்க்கு இந்த ஓர் அங்குலம் பெரிய தூரம்.

ஐந்தாம் படி: அடிப்படைப் பழக்கம்

சரியான செயலைச் செய்த அதே கணத்தில் ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு தின்பண்டம். முறை இவ்வளவுதான். 'டக்' என்று சத்தம் தரும் கிளிக்கர் என்ற சின்னக் கருவி இதற்கென்றே கிடைக்கிறது. என் கட்டைவிரலால் அதை அழுத்த முடியவில்லை, நாக்கால் 'க்ளக்' என்று சத்தம் எழுப்புகிறேன். அதுவும் அதே வேலையைச் செய்கிறது. முதல் இரண்டு நாள் எதையும் கேட்காமல் சத்தம், தீனி, சத்தம், தீனி என்று கொடுத்து அந்தச் சத்தத்துக்கு மதிப்பு ஏற்றுங்கள்.

தின்பண்டம் சுண்டுவிரல் நக அளவு போதும். ஒரு நாள் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டு, அதற்கு ஏற்ப வேளை உணவைக் குறையுங்கள். குண்டான நாயின் மூட்டு சீக்கிரம் தேயும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த பொருள்கள் நாய்க்கு விஷம்.

ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான், ஒரு நாளில் நான்கைந்து தடவை. பத்து முறை கேட்டால் எட்டு முறை சரியாகச் செய்தால் அடுத்த நிலைக்குப் போங்கள். ஐந்துக்கும் குறைந்தால் நாய் முட்டாள் என்று அர்த்தமில்லை, நீங்கள் கஷ்டமாகக் கேட்கிறீர்கள். ஒரு படி கீழே இறங்குங்கள்.

பெயர் சொன்னால் கண்ணைப் பார்ப்பது, கயிறு தொய்வாக இருக்க நடப்பது, கூப்பிட்டால் வருவது, 'விடு' என்றால் கீழே கிடப்பதைத் தொடாமல் விலகுவது, சொன்ன இடத்தில் மலஜலம் கழிப்பது. எல்லாமே வேண்டும். ஆனால் ஒன்றைத்தான் சொல் என்றால் நான் பாய்ப் பழக்கத்தைச் சொல்வேன். ஒரு சின்ன விரிப்பைப் போட்டால் அதில் போய்ப் படுத்து, அழைக்கும்வரை அமைதியாக இருப்பது. வெளியே போகும் சேவை நாயின் நேரத்தில் பெரும் பகுதி மேசைக்கு அடியிலும் நாற்காலி ஓரத்திலும் சும்மா படுத்திருப்பதில்தான் போகும். முதல் நாள் பாயில் ஒரு கால் வைத்தாலே தீனி. பிறகு நான்கு காலும். பிறகு படுத்தால். பிறகு ஐந்து விநாடி, ஒரு நிமிடம், நான் எழுந்து நடந்தாலும், கதவு திறந்தாலும். செம்பி ஒரு மணி நேரம் பாயில் படுக்கப் பழகியபோது எட்டாவது மாதம். அதற்குள் அந்தப் பாயே அவளுக்குத் தைரியம் தரும் இடமாகிவிட்டது. இன்றைக்கும் ஏதாவது சத்தத்தில் பயந்தால் முதலில் பாயைத்தான் தேடுவாள். அதில் கால் வைத்ததும் மூச்சு சீராகிவிடும்.

அடி, கழுத்தை இறுக்கும் சங்கிலி, மின்அதிர்வுப் பட்டை, எதுவும் வேண்டாம். ஏற்கெனவே மனிதக் கைக்குப் பயந்த நாய் அது. அதற்கு வலி கொடுத்து வாங்கிய கீழ்ப்படிதல், நீங்கள் மயங்கி விழுந்து கட்டளையிட முடியாத நேரத்தில் உதவாது.

ஆறாம் படி: உங்களுக்கான வேலை

நோட்டைத் திறந்து, அதிக முறை எழுதிய ஒரே ஒரு சிக்கலை எடுங்கள். அது முடியாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

எடுத்துத் தரும் வேலையை நான் கடைசியிலிருந்து முன்னோக்கிச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் துணிப்பட்டையை என் கையில் பிடித்துக் காட்டினேன். மூக்கால் தொட்டால் 'க்ளக்'. பிறகு பல்லால் பிடித்தால் மட்டும். பிறகு ஒரு விநாடி பிடித்துக்கொண்டிருந்தால். பிறகு என் உள்ளங்கை அதற்கு அடியில் வந்த பிறகு விட்டால் மட்டும். பெரும்பாலோர் தரையிலிருந்து எடுக்க முதலில் பழக்கிவிடுவார்கள். நாய் எடுத்து வந்து ஓர் அடி முன்னாலேயே போட்டுவிடும். குனிய முடியாதவருக்கு ஓர் அடியும் பத்து அடியும் ஒன்றுதான். என் விரல் மூட எடுக்கும் நேரம் நல்ல நாளில் மூன்று விநாடி, கெட்ட நாளில் பத்து. அதனால் வேண்டுமென்றே நேரத்தை மாற்றி மாற்றி, இரண்டு விநாடி, எட்டு விநாடி, நான்கு விநாடி என்று பழக்கினேன். ஒப்படைப்பது உறுதியான பிறகே பட்டையைத் தரையில் வைத்தேன். பிறகு தூரம், பிறகு வேறு பொருள்கள்: கைப்பேசி உறை, மருந்துப் பெட்டி, துண்டு. கடைசியாக, சாவி விழும் சத்தமே கட்டளையாக மாறியது. சாவியைப் போட்டு, உடனே "எடு" என்பேன். சில நாளில் நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் கிளம்ப ஆரம்பித்தாள்.

மற்ற வேலைகளுக்கும் இதே அணுகுமுறைதான். கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டி இழுக்கச் சொன்னால் கதவு திறக்கும். மூக்கால் ஒரு அட்டையைத் தொடப் பழக்கி, அந்த அட்டையை விளக்குச் சுவிட்சின் மேல் ஒட்டினால் விளக்கு எரியும். காது கேளாதவருக்கு, மணி அடித்ததும் வந்து முழங்காலை மூக்கால் தட்டி, சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப்போகப் பழக்கலாம். பதற்றம் பிடிக்கும்போது மடியில் முன்னுடலை அழுத்திப் படுப்பது சிலருக்கு மூச்சைச் சீராக்குகிறது. அதற்கு முதலில் நீங்கள் பதறும்போது உங்கள் உடம்பு செய்வது என்ன என்று நீங்களே கவனிக்க வேண்டும். நகம் கடிப்பதா, காலை ஆட்டுவதா? நாய்க்கு அதுதான் சைகை.

மோப்பம் சார்ந்த வேலைகளில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டைப் 1 நீரிழிவு உள்ளவரின் சர்க்கரை குறையும்போது மூச்சில் ஐசோபிரீன் என்ற வேதிப்பொருள் கூடுவதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். நாய் முகர்வது அதையாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியபோது பஞ்சில் எடுத்த உமிழ்நீரை மூடிய டப்பாவில் உறைய வைத்துப் பழக்குவார்கள். நாய் சொல்லாவிட்டாலும் மீட்டரில் பாருங்கள், சொன்னாலும் மீட்டரில் பாருங்கள். வலிப்பு விஷயத்திலும் அப்படியே. வலிப்பு வந்த பிறகு பக்கத்தில் இருப்பதையும், வீட்டாரை அழைத்து வருவதையும், அவசரப் பொத்தானை அழுத்துவதையும் சொல்லிக்கொடுக்கலாம். வரும் முன்பே சொல்லும் நாய்கள் சில தாமாக அப்படி ஆனவை. அதை நம்பகமாகச் சொல்லிக்கொடுக்கும் முறை கிடையாது. "உறுதியாகப் பழக்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் கவனமாக இருங்கள்.

ஏழாம் படி: வெளியே

வீட்டில் தங்கமாக இருக்கும் நாய் வாசலைத் தாண்டினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்கட்டும். நாய்க்கு இடம் மாறினால் பாடமும் புதிது. ஒவ்வொரு புது இடத்திலும் முதல் பாடத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறை வேகமாக வரும்.

ஆள் குறைவான இடத்தில், ஆள் குறைவான நேரத்தில், பத்து நிமிடம். தூரத்திலிருந்து பார்த்தால் போதும், உள்ளே போக வேண்டாம். தின்பண்டத்தை மறுத்தால் அது எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். சேவை நாயோடு வாழ்வோரின் அமைப்பான இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆஃப் அசிஸ்டன்ஸ் டாக் பார்ட்னர்ஸ் வகுத்த குறைந்தபட்ச அளவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் 120 மணி நேரப் பயிற்சி, அதில் 30 மணி நேரமாவது பொது இடங்களில். காப்பகத்து நாய்க்கு அதைவிட அதிகம் வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது.

பயிற்சி முடிந்த நாய் பொது இடத்தில் குரைக்காது, யார் மேலும் தாவாது, தரையில் கிடக்கும் தின்பண்டத்தைத் தொடாது, மற்ற நாயைக் கண்டு இழுக்காது, உள்ளே அசிங்கம் பண்ணாது. இதில் ஒன்று தவறினாலும் இன்னும் பயிற்சி முடியவில்லை. சட்டம் அனுமதித்தாலும் உள்ளே கூட்டிப்போகாதீர்கள். ஒரு நாய் மோசமாக நடந்துகொண்டால் அடுத்து வரும் பத்துப் பேருக்குக் கதவு மூடும். இணையத்தில் பணம் கட்டினால் சான்றிதழும் அடையாள அட்டையும் அனுப்பும் தளங்கள் உண்டு. அந்த அட்டையை நம்பிப் பழகாத நாயோடு உள்ளே நுழைபவர்களால், உண்மையில் நாயை நம்பி வாழ்பவர்கள்தான் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

வெயிலில் கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வையுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. "தொடாதீர்கள், வேலையில் இருக்கிறது" என்று எழுதிய அங்கி பாதி பேரைத் தடுக்கும். மீதிப் பேரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூச்சப்படாமல் சொல்லுங்கள்; நாயின் கவனம் சிதறும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உங்களுக்கு அது தேவைப்படலாம். குழந்தைகள் கேட்டால் மட்டும் நான் கொஞ்சம் நின்று விளக்குவேன்.

சரிவராவிட்டால்

தரமான அமைப்புகள் இதற்கென்றே பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வளர்க்கும் நாய்களிலேயே கணிசமானவை பயிற்சியை முடிப்பதில்லை. ஆகவே எட்டாம் மாதத்தில் ஒருமுறை, பன்னிரண்டாம் மாதத்தில் ஒருமுறை, வெளி ஆள் ஒருவரை வைத்து நாயைப் பாருங்கள். பயத்திலிருந்து மீளும் நேரம் குறைந்துவருகிறதா? ஒரு வருடம் கழித்தும் வெளியே போனாலே நடுங்கினால், நாய் பதில் சொல்லிவிட்டது. அதை வெளியே இழுத்துப்போகாதீர்கள். வீட்டுக்குள் மட்டும் உதவும் நாயாக அது மிக நன்றாக இருக்கலாம். அதுவும் முடியாவிட்டால், உங்கள் வீட்டு நாயாக இருக்கட்டும். இதை ஏற்க மனம் இல்லாதவர்கள் தத்தெடுக்கவே வேண்டாம். ஒருமுறை கைவிடப்பட்ட உயிரை வேலைக்கு ஆகவில்லை என்று திருப்பிக் கொண்டுபோய் விடுவது எனக்குத் தாங்காத விஷயம்.

வேலையில் சேர்ந்த பிறகு

அங்கியைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று நாய்க்குத் தெரிய வேண்டும். தினம் ஒரு மணி நேரமாவது நாயாக இருக்க விடுங்கள்: முகரட்டும், தோண்டட்டும், உருளட்டும். வாரத்துக்கு இரண்டு முறை பழைய பாடங்களை ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வருடம் ஒருமுறை மூட்டுகளைக் காட்டுங்கள்.

எட்டு முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலான சேவை நாய்கள் ஓய்வு பெறுகின்றன. வயதைவிட அறிகுறிகளைப் பாருங்கள்: அங்கியை எடுத்தால் முன்பு ஓடி வந்தது இப்போது படுத்தபடி பார்க்கிறதா, படியில் தயங்குகிறதா, திடீர் சத்தத்துக்குப் பிறகு சீராக நேரம் எடுக்கிறதா? செம்பிக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் மருத்துவமனை நடைக்கூடத்தில் ஒரு கதவு படாரென்று சாத்தியது. முன்பெல்லாம் காது மட்டும் அசையும். அன்றைக்கு என் காலோடு ஒட்டி நின்று, ஒரு நிமிடத்துக்கு மேல் நகரவில்லை. மறுநாளே மருத்துவரிடம் காட்டினேன். பின்னங்கால் மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது. வெளி வேலையை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்திருக்கிறேன், அடுத்த நாய்க்குக் காப்பகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டில் சாவி விழுந்தால் இன்னும் அவள்தான் வருகிறாள். அவள் எழுந்து வரும் வழி நெடுக, கால் வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன்.